கல்லுச் சூப்பும் வெறுங்கையோடு வரும் பிள்ளையும்

ஐரோப்பிய நாட்டார் கதையான ‘கல்லுச் சூப்’ ஆரம்ப வகுப்புக்கு நன்கு பொருந்தும். பசியோடு வந்த படைவீரர்கள் தண்ணீரில் கல்லைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். உணவை ஒளித்துவைத்த ஊரார் புதினம் பார்க்க வந்து, ஒருவர் கரட், ஒருவர் உப்பு என்று போடப்போட, அது மெய்யாகவே சூப்பாகிவிடுகிறது. ரஷ்யாவில் இதுவே ‘கோடரிக் கஞ்சி’. அங்கே ஏமாறுவது ஒரு கஞ்சக் கிழவி மட்டுமே. பகிர்வுக்கு முந்தியதே தோது.

கதை முடிந்ததும், “நாளைக்கு ஆளுக்கொரு மரக்கறி கொண்டு வாங்க” என்று சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வராமல் நிற்கலாம். அந்தப் பிள்ளையை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, “கல்லு நீங்கதான் மகன் கொண்டு வரணும்” என்று சொல்லிவிடுங்கள். கல் வராமல் அடுப்பே பற்றாது. (கழுவி அவித்தெடுப்பது டீச்சரின் வேலை.)

“ஊராக்கள ஏமாத்தினது சரியா, டீச்சர்?” என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். சூப் கொதிக்கும்வரை பிள்ளைகளே வாதாடட்டும்.