முதல் குவில்ட்: பாட்டி புடவையை வெட்டலாமா?

பாட்டியின் பழைய புடவைகளைப் போர்வையாக்கி வெச்சுக்கணும்னு ஆசையா? நல்ல ஆசைதான். ஆனால், வெட்டிய புடவை திரும்பக் கிடைக்காது. முதல் முயற்சியை அதில் வேண்டாம்.

குவில்ட் என்றால் என்ன?
மூன்று அடுக்கு. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடே தையல் ஓடும்.

எதில் ஆரம்பிக்கலாம்?
12 அங்குல குஷன் கவர். நாலரை அங்குலச் சதுரங்கள் 9 வெட்டி, மூன்று வரிசையாக இணைத்தால் முன்பக்கம் ரெடி. தையலுக்கு ஓரத்தில் கால் அங்குலம் விடுங்க.

ஏன் சின்னது?
ஒவ்வொரு இணைப்பிலும் 1/8 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், 16 இணைப்பு உள்ள போர்வை வரிசையில் 2 அங்குலம் குறைந்துவிடும். பக்கத்து வரிசையோடு பொருந்தாது. குஷனில் வரிசைக்கு இரண்டே இணைப்பு. தப்பானால் பிரிச்சுத் தைச்சிடலாம்.

எந்தத் துணி?
பருத்தி. பட்டு வழுக்கும். வெட்டும் முன் துவைத்து இஸ்திரி போடுங்க. சுருங்குமா, சாயம் போகுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மூலைகள் சரியாகச் சேர்கின்றனவா? இனி புடவையை எடுக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க, நைந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுங்க.