சந்தை நகரில் ஒரு மாணவி

எங்கள் ஊர் பான்சிக் கடைகளில் தொங்கும் தலைக்கிளிப், பிளாஸ்ரிக் காப்பு, கோயில் திருவிழாவில் பரப்பி வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான், பிள்ளைகளின் பென்சில் பெட்டி எல்லாம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன என்பது தெரிந்த விடயம். ஆனால் அவற்றில் பல, ஒரேயொரு நகரத்துச் சந்தையைக் கடந்து வருகின்றன என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. அந்த நகரத்தின் பெயர் யீவூ. ஷங்காயிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில், செஜியாங் மாகாணத்தில் இருக்கிறது. கடற்கரை இல்லை. நல்ல விளைநிலமும் குறைவு. ஆனால் உலகத்திலேயே பெரிய சிறுபொருள் மொத்தச் சந்தை அங்கேதான் இருக்கிறது. அதில் சுமார் 75,000 கடைகள் உண்டு. ஒரு கடையில் மூன்று நிமிடம் நின்று, நாளுக்கு எட்டு மணித்தியாலம் நடந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அந்த நகரத்தில் நான் சர்வதேச வர்த்தகம் படிக்கிறேன். இது மூன்றாவது வருடம். விடுமுறையில் ஊருக்கு வந்தால் பெண்கள் என்னிடம் கேட்பவை மூன்றுதான். என்ன சாப்பிடுகிறாய், தனியே இருக்கப் பயமில்லையா, அங்கிருந்து சாமான் எடுத்தால் லாபம் வருமா. அவர்களுக்குச் சொன்னவற்றையே இங்கு கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பயம். சீனாவுக்குப் போய் இறங்கும் எந்த வெளிநாட்டவரும், ஹோட்டலில் தங்காவிட்டால், 24 மணித்தியாலத்துக்குள் தான் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். நீண்டகாலப் படிப்புக்கான விசாவில் போனவர்கள் 30 நாளுக்குள் வதிவிட அனுமதியும் எடுக்க வேண்டும். "பொலிஸ் பதிவு" என்று தொலைபேசியில் சொன்னதும் அம்மாவின் குரல் மாறிவிட்டது. யுத்த காலத்தில் கொழும்பு லொட்ஜுகளில் பொலிஸ் பதிவோடு தங்கியவர்களுக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. என்னோடு வரிசையில் நின்றவர்களில் யேமன்காரர், கானாக்காரர், ரஷ்யப் பெண் ஒருத்தி எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே முத்திரை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதை அம்மாவுக்குச் சொல்லி நம்ப வைக்கத்தான் பத்து நாள் எடுத்தது.

இரவு பத்து மணிக்கு இரவுச் சந்தையிலிருந்து தனியே நடந்து விடுதிக்கு வருகிறேன். இதுவரை ஒருவரும் என்னை மறித்துக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் சந்திக்குச் சந்தி கமெரா இருக்கிறது. சில நாட்களில் அது துணையாகத் தெரியும். சில நாட்களில், யாரோ எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பழைய எண்ணம் திரும்ப வரும். இரண்டும் உண்மைதான்.

வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மூன்றும் அங்கு சாதாரணமாக வேலை செய்யாது. ஆகவே புறப்படும் முன்பே அம்மாவின் கைத்தொலைபேசியில் வீசாட் என்ற சீனச் செயலியைப் போட்டுப் பழக்கிவிட்டேன். சீன நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அம்மா மாலை ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டுக் கதைக்க வரும்போது எனக்கு இரவு ஒன்பது. காசும் கைத்தொலைபேசியிலேதான். தெருவில் கீரைக்கட்டு விற்கும் கிழவிகூட ஒரு சதுரக் குறியை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருப்பார். அதைக் கமெராவில் பிடித்தால் காசு அவர் கணக்குக்குப் போய்விடும். அந்த நாட்டில் நான் தாள்காசைத் தொட்டது மிகக் குறைவு.

சாப்பாடு கொஞ்சம் கஷ்டம். கல்லூரிக் கன்ரீனில் சோறு உண்டு, ஆனால் எங்கள் சோறுபோல உதிராது, ஒட்டும். நான் மாமிசம் சாப்பிடுவதில்லை. "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, கத்தரிக்காய்க் கறியின் மேல் அரைத்த பன்றி இறைச்சியைத் தூவித் தருவார்கள். அது அவர்களுக்கு வாசனைக்குப் போடும் சாமான். பெருஞ்சீரகம் போட்ட கறியைச் சீரகக் கறி என்று நாங்கள் சொல்வதில்லையே, அதுபோலத்தான். சொற்களைக் கூட்டி, கோழியும் வேண்டாம், பன்றியும் வேண்டாம், எலும்புச் சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தூள்வகைகளுக்கும் பருப்புக்கும் இந்தியர் கடைகள் உண்டு. உலக நாட்டு வியாபாரிகள் வந்து குடியிருப்பதால் அரபு, துருக்கிச் சாப்பாட்டுக் கடைகளும் தாராளம். எல்லோர் கையிலும் சுடுதண்ணீர்ப் போத்தல். வெயில் காலத்திலும் சுடுதண்ணீர்தான். வயிற்றுநோ, தடிமன், மனக்கவலை எல்லாவற்றுக்கும் விடுதிப் பொறுப்பாளர் அம்மா சொல்லும் மருந்து, "சுடுதண்ணீர் குடி" என்பதே.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனாவின் வடபகுதியில் வீடுகளுக்குக் குழாய் மூலம் சூடு வரும். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே அந்த ஏற்பாடு பொதுவாக இல்லை. யீவூ தெற்கில். மாசி மாதம் வெளியிலும் குளிர், அறைக்குள்ளும் குளிர். கையுறையோடு எழுத்துப் பழகியிருக்கிறேன்.

எழுத்து என்றதும் மொழிக்கு வருவோம். முதல் வருடம் முழுக்க மொழிப் படிப்பு. சீன மொழியில் ஒரே ஒலியைத் தொனி மாற்றிச் சொன்னால் பொருள் மாறிவிடும். "மாய்" என்று குரலைத் தாழ்த்தி ஏற்றினால் வாங்குதல். அதையே மேலிருந்து கீழே வெட்டிப் போட்டதுபோலச் சொன்னால் விற்றல். எழுத்திலும் அப்படியே. வாங்குவதற்குரிய எழுத்தின் தலையில் ஒரு சிலுவைக் குறியை வைத்தால் விற்பதற்குரிய எழுத்து. வியாபாரம் படிக்கப் போனவளுக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா!

அதனால்தானோ என்னவோ சந்தையில் வாயைவிட கணக்குப் பொறிதான் அதிகம் கதைக்கும். கடைக்காரர் விலையைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார். நீங்கள் உங்கள் விலையைத் தட்டித் திருப்ப வேண்டும். விரல் கணக்கும் உண்டு. ஒரு கையாலேயே பத்துவரை காட்டுவார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, பெருவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் எட்டு. நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லைப்போல ஒலிப்பதால் அதை விரும்பமாட்டார்கள். எட்டு என்றால் அதிர்ஷ்டம். விலை எட்டில் முடிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடைகளில் இருப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். பெண் முதலாளியை "லாவ்பான்னியாங்" என்பார்கள். மேசையின் ஒரு பக்கத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும், மறுபக்கத்தில் தாய் எகிப்திய வியாபாரியோடு விலை பேசுவார். இதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சந்தை தொடங்கிய கதை ஞாபகம் வரும்.

யீவூ முன்பு வறிய ஊர். வயல்வேலை இல்லாத மாரிகாலத்தில் ஆண்கள் காவடித் தடியில் இரண்டு கூடையைத் தொங்கவிட்டு, கிலுகிலுப்பை ஆட்டியபடி ஊரூராகப் போவார்கள். சர்க்கரைக் கட்டியைக் கொடுத்துக் கோழி இறகை வாங்குவார்கள். இறகு வயலுக்கு உரம், தூசு தட்டிக்கும் உதவும். பின்னர் தனியார் வியாபாரம் குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், தெருவில் சின்னச் சாமான் விற்றவர்களை அதிகாரிகள் துரத்திப் பொருளைப் பறித்தார்கள். 1982ஆம் ஆண்டு, அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒருவரான ஃபெங் அய்ச்சியன் என்ற தாய், அந்த மாவட்டத்துக்குப் புதிதாக வந்த கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவை நேரில் போய்ப் பிடித்து, எங்களை ஏன் விற்க விடுகிறீர்கள் இல்லை, நாங்கள் எப்படிச் சீவிப்பது என்று கேட்டார். அதே வருடம் செப்ரெம்பரில் மாவட்ட நிர்வாகம் சந்தையைத் திறந்துவிட்டது. கடை என்றால் சிமெந்துப் பலகையும் மரத்தட்டும்தான். ஷியே 2018இல் நாட்டின் உயர்ந்த விருது பெற்று, 2019இல் காலமானார். இப்போதுள்ள மாடிக் கட்டடங்களில் முதற் பகுதி 2002இல் திறக்கப்பட்டது. சீனர்கள் இக்கதையைச் செயலாளரின் துணிவுக் கதையாகவே அதிகம் சொல்வார்கள். எனக்கென்னவோ, கேட்கப் போனவரின் துணிவுதான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, சாமான் எடுத்தால் லாபமா? எங்கள் ஊரில் சின்னம்மா இருக்கும் மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பேர். எல்லோரும் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். கடன் எடுத்துத் தலைக்கிளிப் இறக்கலாமா என்று விசாரித்தார்கள். நான் சந்தையின் முதற் பகுதியில், தலை அலங்காரப் பொருட்கள் உள்ள இரண்டாம் மாடியில், எனக்குப் பழக்கமான ஒரு அக்காவிடம் கேட்டேன். அங்கும் வயதில் மூத்த பெண்ணை அக்கா என்றுதான் அழைக்கலாம், "ஜியே" என்று. ஒரு கிளிப் நான்கு மாவோ என்றார். பத்து மாவோ ஒரு யுவான். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வடிவத்துக்கு ஒரு பெட்டி எடுக்க வேண்டும், பெட்டியில் 1,200. ஒரே கிராமத்தில் ஒரே மாதிரி 1,200 கிளிப்பை யாருக்கு விற்பது? ஐந்து வடிவம் வேண்டுமென்றால் ஐந்து பெட்டி. முற்பணம் 30 வீதம், மீதி பொருள் ஏற்றமுன்.

அதோடு முடியாது. பெட்டியைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகும் கூலி, பலருடைய பொருளையும் சேர்த்து ஏற்றும் கொள்கலனில் கன மீற்றர் கணக்கில் கப்பற்கூலி, கொழும்பில் சுங்கத் தீர்வையும் வரிகளும், துறைமுகத்தில் பொருளை விடுவிப்பவரின் கட்டணம், பிறகு ஊருக்கு லொறி. இடையில் டொலர் ஏறினால் எல்லாக் கணக்கும் பிழைக்கும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்து, இந்த அளவு முதலுக்குப் புறக்கோட்டையில் ஐம்பது ஐம்பதாகக் கலந்து வாங்குவதே நல்லது என்று சின்னம்மாவுக்கு அனுப்பினேன். கடனெடுத்து இறக்குவதானால் பல சங்கங்கள் ஒன்றுசேர வேண்டும்.

விலை விசாரித்துச் சொன்னதற்கு நான் காசு எதுவும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. மாணவர் அனுமதியில் இருப்பவர் அனுமதியின்றி வெளியே வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான்வரை தண்டம், கடுமையானால் தடுத்து வைப்பார்கள். மொழிபெயர்க்க வா, தரகு தருகிறேன் என்று அழைக்கும் வியாபாரிகள் பலர். பிடிபட்டால் அவர்கள் துணைக்கு வரமாட்டார்கள். "படிக்கப் போனால் உழைத்தும் அனுப்பலாம்" என்று முகவர் யாராவது சொன்னால், சகோதரிகளே, அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். பிள்ளையை அனுப்ப நல்ல வழி சீன அரசின் புலமைப்பரிசில். கற்கைக் கட்டணமும் விடுதியும் அதில் அடங்கும், பட்டப்படிப்பு மாணவருக்கு மாதம் 2,500 யுவான் கைச்செலவும் கிடைக்கும். அதற்குக் கல்வி அமைச்சு மூலம் விண்ணப்பிக்கலாம். முகவருக்கு லட்சங்கள் கொடுக்கத் தேவையில்லை.

கடந்த விடுமுறை முடிந்து திரும்பும்போது சின்னம்மாவின் சங்கத்தார் பின்னிய பனையோலைப் பெட்டிகள் நாலைந்து கொண்டுபோனேன். ஒன்றை அந்த ஜியேக்குக் கொடுத்தேன். பரிசாகத்தான் கொடுத்தேன், அவர் அதை வியாபாரியாகத்தான் வாங்கினார். மூடியைக் கழற்றி, அடியைப் புரட்டி, மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கைப்பணிப் பொருள் கடை வைத்திருக்கும் தன் தங்கையையும் கூப்பிட்டார். இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். ஒரே அளவில் 500 பெட்டி செய்ய எத்தனை நாள்? ஈரம் பட்டால் சாயம் இறங்குமா? மூன்று மாதம் களஞ்சியத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்குமா? ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி அனுப்பலாமா? கப்பற்கூலி கன மீற்றருக்கு அல்லவா. விலையைக் கடைசியாகத்தான் கேட்டார்கள்.

கேள்விகளை அப்படியே எழுதி ஊருக்கு அனுப்பினேன். சின்னம்மா குரற்செய்தியில் பதில் சொன்னார். ஓலை கையில் இருந்தால் பன்னிரண்டு பேருமாக 500 பெட்டிக்கு நாற்பது நாள் வேண்டும். அளவை மூன்றாக வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று போகும். சாயத்துக்கு ஒரு பெட்டியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊதா நின்றதாம், சிவப்பு இறங்கியதாம். சிவப்புக்கு வேறு சாயம் தேடுகிறார்கள். பூஞ்சணத்துக்கு மாரி முடியும்வரை பொறுக்க வேண்டும். ஒரு பெட்டியைப் பொலித்தீனில் கட்டி, சங்கக் கட்டடத்தின் ஒழுக்கு மூலையில் வைத்திருக்கிறார்கள்.