உளுந்துக்கு யூரியா எதற்கு?

நெல்லுக்கு யூரியா வீசிப் பழகிய கை, உளுந்து வயலிலும் சும்மா இருப்பதில்லை. செடி லேசாக வெளுத்தால் போதும், மூட்டை பிரிந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் நெல்லையும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையையும் போல உளுந்தும் பழகிய பயிர். யூரியா விழுந்த சில நாளிலேயே வயல் கரும்பச்சையாகிறது. செடி தழைத்துக் கொடி ஓடுகிறது. ஆனால் அறுவடையில் காய் அந்த அளவுக்குத் தேறுவதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையைப் பார்த்தால், இறவை உளுந்துக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 10 கிலோ. மானாவாரிக்கு இதில் பாதி. மத்திய கால நெல்லுக்கோ தழைச்சத்து மட்டுமே ஏக்கருக்கு 60 கிலோ. உளுந்துக்கு அடியுரமாக 44 கிலோ டிஏபி போட்டால் மணிச்சத்து முழுவதும் கிடைத்துவிடும். கூடவே தழைச்சத்தும் 8 கிலோ வந்துவிடும். பாக்கி 2 கிலோவுக்கு நாலரைக் கிலோ யூரியா போதும்.

இவ்வளவு குறைவாகப் போதுவதற்குக் காரணம் வேரில் இருக்கிறது.

முப்பது நாள் செடி ஒன்றை மண்ணோடு தோண்டியெடுத்து வாளித் தண்ணீரில் அலசினால், வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. உள்ளே ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. பயறு வகைச் செடிகள் முடிச்சுகளின் உதவியால் காற்று நைட்ரஜனைப் பெறுவதை 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் காட்டினார்கள்; இரண்டு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

இந்த நைட்ரஜன் இனாமாக வருவதில்லை. செடி தன் சர்க்கரையைக் கொடுத்துத்தான் பாக்டீரியாவை வளர்க்கிறது. மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும், முடிச்சுகளும் குறையும். யூரியாவை அள்ளி வீசினால் நடப்பது இதுதான். மணிச்சத்தின் கதை வேறு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. ஏடிபி உருவாகப் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, வேண்டும். பரிந்துரையில் மணிச்சத்து இரட்டிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் தடவை உளுந்து போடும் நிலத்தில் தகுந்த ரைசோபியம் போதுமான அளவு இல்லாமல் போகலாம். அதற்குத்தான் விதைநேர்த்தி: ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து, விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பூசணக்கொல்லி கலந்த விதையானால் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும்.

அடுத்த நெருக்கடி பூக்கும்போது வருகிறது. உளுந்து பூக்கும் பூக்களில் பெரும்பகுதி காயாகாமலே கொட்டிவிடும். பிஞ்சுகள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் வேர்முடிச்சுகளுக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. இலையிலிருந்த சத்தும் விதைக்கு இறங்குகிறது. அப்போது மண்ணில் உரம் போட்டால் வேர் எடுத்து மேலே அனுப்ப நாளாகும். அதனால்தான் இலைவழி உரம். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் கசடு அடியில் தங்கியிருக்கும். தெளிவை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி, மாலையில் தெளிக்க வேண்டும். பூக்கத் தொடங்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கு அடியுரம் போட வழியில்லாததால், இந்தத் தெளிப்பு அங்கே இன்னும் முக்கியம்.

பக்கத்து வயல் மல்லாட்டையும் அதே குடும்பம்தான். அதன் வேரிலும் முடிச்சு உண்டு. ஆனால் அதன் பசி வேறு. மண்ணுக்குள் இறங்கும் விழுது, காய்க்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. வேர் எடுத்த கால்சியம் பெரும்பாலும் இலைக்கே போய்விடும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டிஎம்வி என்ற பெயரில் வெளியிட்ட ரகமானாலும் சரி, வேறு ரகமானாலும் சரி, இறவையில் நாற்பது நாளைத் தாண்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொல்வது இதற்காகத்தான். இல்லையென்றால் பொக்குக் காய் பெருகும். உளுந்துக்கும் ஜிப்சம் இடுவதுண்டு. அங்கே அது கந்தகத்துக்காக. சூப்பர் பாஸ்பேட் போட்ட வயலுக்கு அதுவும் தேவைப்படாது, கந்தகம் அந்த மூட்டையிலேயே இருக்கிறது.