ராத்திரி ஏறி விடிகாலையில் இறங்கினால்...

மைத்துனருக்கு நியூயார்க்கில் பெண் குழந்தை பிறந்ததும், மாமியாரை அழைத்துப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவருக்கு வயது 68. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிங்கப்பூரிலே ராத்திரி பதினொண்ணரைக்கு ஏறி, விடிஞ்சா நியூயார்க்! ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டா ஆச்சு."

"இல்லே அத்தை, டிக்கெட்டிலே போட்டிருக்கிறது அந்தந்த ஊர் மணி" என்றேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அது பெரிய விஷயமில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்தான் மலைக்க வைப்பது. மிகக் குறுக்கு வழியிலேயே 15,300 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 தான்! இடையில் எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 18½ மணியிலிருந்து 19 மணி நேரம். விமானம் பெரும்பாலும் பசிபிக் கடல் மேலாகக் கிழக்கே போகிறது. அங்கே உயரத்தில் வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்று வழியானாலும் லாபம்தான்.

நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. அதனால்தான் ஒரே ராத்திரிப் பயணம்போலத் தோன்றுகிறது. நம்மூர் மணியில் பாருங்கள்: ஏறும்போது இரவு 9. இறங்கும்போது மறுநாள் மாலை 4 ஆகப் போகிறது. காலை மாத்திரை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஆகாயத்திலேயே!

எங்கள் டாக்டர், பயணம் முடியும்வரை மாமியாரின் கைக்கடிகாரத்தை நம்மூர் மணியிலேயே விடச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே மாத்திரை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடுமாம். இது அவருக்குச் சொன்னது. இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. உங்கள் டாக்டரிடம் பயணச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். மருந்து, சீட்டு இரண்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டால் நடுவானில் யார் எடுத்துத் தருவது?

கால் வீங்கும், ரத்தம் கட்டவும் வாய்ப்புண்டு. விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் நடக்க வைத்தேன். காற்று வறட்சியாக இருப்பதால் தண்ணீரும் அடிக்கடி கொடுத்தேன். ("பாத்ரூம் போகணுமே" என்று தண்ணீரைக் குறைப்பது நம் பெண்களின் பழைய வியாதி!) கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

திரும்பி வரும்போது வேடிக்கை தலைகீழ். திங்கள் இரவு பத்து மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடிகாலை. செவ்வாய்க்கிழமை விரதத்தை என்ன செய்வது என்று மாமியாருக்கு ஒரே கவலை. விரதம் எப்படியோ போகட்டும், செவ்வாய்க்கிழமை மாத்திரையை மட்டும் நான் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டேன்.