யோங்கலா: கடலடியில் ஒரு கல்லறை, ஒரு சோலை

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, பயணம் புறப்பட்டவர் நலமாகப் போய்ச் சேர்ந்தார் என்னும் ஒரு வரிச் செய்தியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் சில குடும்பங்கள் அந்த ஒரு வரிக்காக ஏங்கி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விடை காணாமலே இருந்தன. அவர்கள் தேடிய கப்பல் இன்று உலகெங்கிலுமுள்ள முத்துக்குளிப்போர் அல்லாத மூழ்குவோரும் நாடிச் செல்லும் இடமாகியிருக்கிறது. யோங்கலா என்பது அதன் பெயர்.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1903ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல் சுமார் 110 மீட்டர் நீளமுடையது. ஆஸ்திரேலியக் கரையோரத்தில் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றுவந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் மக்கே துறைமுகத்திலிருந்து, வடக்கேயுள்ள டவுன்ஸ்வில் நகரை நோக்கிப் புறப்பட்டது. காப்டன் வில்லியம் நைட் என்ற அநுபவசாலி அதன் தலைவர். பயணிகளும் மாலுமிகளுமாக 122 பேர் அதில் இருந்தனர்.

கப்பல் கிளம்பிய சிறிது நேரத்திற்குள், வடக்கே கடும் புயல் உருவாகியிருப்பதாக மக்கே சமிக்ஞை நிலையத்திற்குத் தந்தி வந்தது. ஆனால் அச்செய்தியைக் கப்பலுக்கு எட்டச் செய்ய வழியில்லை. யோங்கலாவில் அந்நாளில் கம்பியில்லாத் தந்திக் கருவி பொருத்தப்படவில்லை. அன்று மாலை டென்ட் தீவின் கலங்கரை விளக்கக் காவலர் கப்பல் கடந்து செல்வதைக் கண்டார். அதற்குப் பின் அதனை உயிருடன் கண்டவர் எவருமில்லை.

நாட்கள் கழிந்தன, கரையில் அஞ்சல் பைகளும் சரக்குகளும் ஒதுங்கின. மூன்ஷைன் என்ற பந்தயக் குதிரையின் உடலும் ஒதுங்கிற்று. மனிதர் உடல் ஒன்றேனும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு நடைபெற்ற விசாரணையில் கப்பலின் அமைப்பிலோ காப்டனின் திறமையிலோ குறை காணப்படவில்லை. கப்பலின் முடிவு ஊகத்திற்கே விடப்பட்டது. கல்லறை எங்கே என்றறியாத துயரம் மரணத்தினும் கொடிதன்றோ!

உலகப் போர்க் காலத்தில், 1943ஆம் ஆண்டு, கண்ணி வாரும் கப்பல் ஒன்று கேப் பவுலிங் கிரீன் முனைக்கு அப்பால் கடலடியில் ஏதோ மேடு இருப்பதைக் குறித்தது. 1947இல் லாக்லன் என்ற கடற்படைக் கப்பல் அவ்விடத்தை அளந்து, அது மூழ்கிய கப்பலாகலாம் எனக் கருதியது. 1958ஆம் ஆண்டு மூழ்குவோர் அங்கே இறங்கி, சில பொருள்களை எடுத்துவந்தனர். அவற்றுள் ஓர் இரும்புப் பெட்டகம் இருந்தது. திறந்து பார்த்தபோது அதனுள் புதையல் இல்லை, சேறே இருந்தது. ஆயினும் பெட்டகத்தில் எஞ்சியிருந்த எண்ணே பெரும் புதையலாயிற்று. அவ்வெண்ணைக் கொண்டு, யோங்கலாவுக்காகச் செய்யப்பட்ட பெட்டகமே அது என்று அதைச் செய்த நிறுவனம் உறுதிசெய்தது.

இவ்வாறு ஆழத்தில் இறங்கிப் பார்க்க மனிதனுக்குத் துணைசெய்வது மூழ்குகருவியாகும். ஜாக் கூஸ்தோ, எமீல் கான்யான் என்னும் இரு பிரெஞ்சுக்காரர் 1943ஆம் ஆண்டு அதனை உருவாக்கினர். முதுகில் சுமக்கும் உருளையில் உள்ளது தனிப் பிராணவாயு என்று பலரும் எண்ணுகின்றனர். பொதுவாக அதில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றே. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. எனவே 30 மீட்டர் ஆழத்தில், கரையிலிருப்பதைப்போல் 4 மடங்கு அழுத்தம் உடலைச் சூழ்கிறது. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழ்களாகி உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே மூழ்குவோர் மெல்ல மெல்ல ஏறுகின்றனர். நீர்மட்டத்திற்கு 5 மீட்டர் கீழே சில நிமிடங்கள் தங்கிப் பின்னரே வெளிவருகின்றனர்.

யோங்கலா வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மேற்பக்கம் சுமார் 15 மீட்டர் ஆழத்திலும், அடிப்பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திலும் உள்ளன. சுற்றிலும் வெறும் மணற்பரப்பு. அங்கேதான் இயற்கையின் விந்தை தொடங்குகிறது. பவளம், சிப்பி, கடற்பஞ்சு ஆகியவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து அலைகின்றன. பற்றிக்கொள்ளக் கெட்டியான தளம் கிடைத்தாலன்றி அவை வாழ முடியாது. மணல் அவற்றுக்கு உதவாது. கப்பலின் இரும்பு உதவிற்று. நீரோட்டமோ இடையறாது இரையைக் கொண்டுவந்து கொடுத்தது. ஒட்டி வாழ்பவை குடியேறியதும் சிறு மீன்கள் வந்தன. சிறு மீனைத் தேடிப் பெரு மீன்கள் வந்தன.

இன்று பாரையும் சீலாவும் அங்கே கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. ஆள் நீளத்தையும் மிஞ்சும் பெரிய களவா மீன்கள் கப்பலின் நிழலில் ஒதுங்கியிருக்கின்றன. கடலாமைகள் வந்து இளைப்பாறுகின்றன. கடற்பாம்புகள் இடுக்குகளில் நுழைந்து இரை தேடுகின்றன. திருக்கைகள் சிறகு விரித்துப் பறப்பன போலச் செல்கின்றன; சுறாக்களும் வருவதுண்டு. பாலைவனத்தில் தோன்றிய சோலை என்றால் மிகையாகாது.

எனினும் இச்சோலை ஒரு மயானம் என்பதை மறத்தலாகாது. கப்பலின் உட்புறத்தில் மனித எலும்புகள் காணப்பட்டதுண்டு. 1976ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இதற்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. பின்னர் வந்த 2018ஆம் ஆண்டின் சட்டமும் அதனைத் தொடர்கிறது. கப்பலினுள் நுழைவது தடைசெய்யப்பட்டுள்ளது. எதையும் எடுத்துச் செல்லலாகாது. இறந்தோர்பால் காட்டும் மரியாதை மட்டுமன்று, இதற்கு வேறொரு காரணமும் உண்டு. உள்ளே நுழைபவர் விடும் மூச்சுக் குமிழ்கள் கூரையின் அடியில் தேங்கி, இரும்பு துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகின்றன. படகுகளின் நங்கூரம் பட்டால் பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் நொறுங்கும்; ஆதலின் படகுகளைக் கட்ட மிதவைகள் நிலையாக நிறுவப்பட்டுள்ளன.

இரும்பு எத்துணைக் காலம் உப்புநீரைத் தாங்கும்? என்றேனும் ஒருநாள் கப்பல் உருக்குலைந்தே தீரும். அந்நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே மனிதனால் இயன்றது. அதற்கு அவன் செய்ய வேண்டியதும் பெரிதன்று. கண்டு மகிழலாம், கை வைக்காமல் திரும்பலாம். அன்று 122 பேருக்கு ஓர் எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்க வழியின்றிப் போயிற்று. இன்று அவர்கள் துயிலும் இடத்தையும், அதனைத் தம் இல்லமாக்கிக்கொண்ட எண்ணிறந்த உயிர்களையும் காக்கும் வழி நமக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் தவறினால், பழியைப் புயலின்மீது சுமத்த முடியாது.