வால் சக்கரத்துக்கு இரண்டு ஸ்பிரிங்

அமெரிக்காவில் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து நிஜமாகவே பறக்கிற விமானம்! கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்ட வேண்டும், வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ஓரிகன் மாநிலத்து ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. வரிசை விமானங்கள் மட்டுமே 10,000க்கு மேல் இப்படி உருவாகிப் பறந்திருக்கின்றன.

அந்த வரிசையில் ஆர்.வி.-4 என்று ஒன்று. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். வாருங்கள், அதன் வாலுக்கு அடியில் குனிந்து பார்ப்போம். அங்கே ஒரு குட்டிச் சக்கரம். அதன் தலையில் இடமும் வலமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறுக்குக் கை. மேலே, விமானத்தைத் திருப்புகிற சுக்கான் பலகையின் அடியிலும் அதே மாதிரி ஒரு கை. மேல் கையையும் கீழ்க் கையையும் பக்கத்துக்கு ஒரு சங்கிலி இணைக்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஸ்பிரிங். விமானி இடது பெடலை மிதித்தால் சுக்கான் இடப்பக்கம் திரும்பும். சங்கிலி இழுக்க, சக்கரமும் திரும்பும்.

இதில் ஸ்பிரிங்குக்கு என்ன வேலை? ஒரு கம்பியால் நேராகக் கட்டிவிட்டால் போதாதா? இந்தக் கேள்விக்குள்தான் சுவையான அறிவியல் இருக்கிறது.

வால் சக்கர விமானத்தில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால் இருக்கும். விமானத்தின் எடை மையம் அவற்றுக்குக் கொஞ்சம் பின்னால் விழும். இது ஏன் முக்கியம்? ரயில் நிலையத்திலோ பெரிய கடையிலோ தள்ளுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். பல வண்டிகளில் கைப்பிடிப் பக்கத்துச் சக்கரங்கள் திரும்பாது. முன் சக்கரம் மட்டும் சுழலும். வழக்கம்போல் தள்ளினால் நேராகப் போகும். பின்பக்கமாக உருட்டிவிட்டுக் கையை எடுத்தால் சட்டென்று வளைந்து அப்படியே திரும்பிக்கொள்ளும். திரும்பாத சக்கரங்கள் முன்னே போக, எடை பின்னால் இருந்து அவற்றை முந்தப் பார்ப்பதுதான் காரணம். வால் சக்கர விமானமும் தரையில் ஓடும்போது இதே நிலையில்தான் இருக்கிறது. சிறிய கோணல் தானாகப் பெரிதாகும். அடக்காமல் விட்டால் விமானம் சுழன்று திரும்பிவிடும். விமானிகள் இதை ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். இறக்கை நுனி தரையில் உரசலாம். சக்கரக் கால் மடங்கலாம். ஆகவே கோணல் சிறியதாக இருக்கும்போதே திருத்த வேண்டும்.

வேகமாக ஓடும்போது அதைச் செய்வது சுக்கான். ஆனால் வேகம் பாதியானால் சுக்கானின் மேல் காற்று தருகிற விசை கால்வாசியாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பொறுப்பு வால் சக்கரத்துக்குக் கைமாற வேண்டும்.

இப்போது பக்கக் காற்றில் விமானம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. வால் இன்னும் மேலே. நேராக ஓடுவதற்காக விமானி ஒரு பெடலை மிதித்தபடி இருக்கிறார். சுக்கானோடு வால் சக்கரமும் கோணலாகத் திரும்பி நிற்கிறது. வால் இறங்குகிறது! கம்பியால் கட்டிய சக்கரமாக இருந்தால், தரையைத் தொட்ட கணமே வாலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுக்கும். ஸ்பிரிங் இருந்தால் அது சற்று விட்டுக்கொடுக்கும். தரை உரசி, சக்கரம் ஓடுகிற திசைக்கு ஏறக்குறைய நேராகிக்கொள்ளும். சக்கரம் கல்லில் மோதினாலும் அந்த அடி முழுதாகப் பெடலுக்கு ஏறாது.

ஸ்பிரிங் எவ்வளவு விட்டுக்கொடுக்கும்? அதற்கு விதி கண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹுக். நீட்சி இரண்டு மடங்கானால் இழுவிசையும் இரண்டு மடங்கு என்பதுதான் அது. வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று 1676இல் அதை எழுத்துகள் கலைத்த புதிராக வெளியிட்டார். 1678இல்தான் விடையைச் சொன்னார்.

நீட்சியும் இழுப்பும் சேர்ந்தே போவதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். ஒரு வளையலின் இரு பக்கமும் ரப்பர் பேண்ட் மாட்டி, எதிரெதிர் நாற்காலிக் கால்களில் தொய்வாகக் கட்டுங்கள். வளையலை விரலால் ஒரு பக்கம் நகர்த்தினால் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இருக்காது. நாற்காலிகளை விலக்கி, பேண்டுகளை விறைப்பாக்கி மறுபடி நகர்த்துங்கள். உடனே எதிர்க்கும்! ஒரு பேண்டின் இழுப்பு கூடும்போதே மற்றதன் இழுப்பு குறைகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

விமானத்திலும் இதுதான் கணக்கு. சங்கிலி தொளதொளவென்று தொங்கினால் பெடலை மிதித்த பிறகும் சக்கரம் தாமதமாகத்தான் திரும்பும். அதற்குள் கோணல் வளர்ந்துவிடும். முறுக்கேற்றிக் கட்டினாலோ, சின்ன மிதிக்கும் வால் துள்ளும். ஸ்பிரிங் இருந்தும் கம்பி மாதிரிதான். கொஞ்சம் தொய்வு நல்லது என்பவர்களும் உண்டு, தொய்வே கூடாது என்பவர்களும் உண்டு. சங்கிலி ஆடாமல், ஆனால் ஸ்பிரிங் இழுபடத் தொடங்காமல் இருக்கும் அளவே தொடங்குவதற்குச் சரியான இடம் என்பது என் எண்ணம்.

அளவு வைக்கும்போது விமானம் சம தரையில் தன் மூன்று சக்கரங்களில் நிற்க வேண்டும். சுக்கான் நடுவில் அசையாதபடி இருக்க வேண்டும். வால் சக்கரம் நேராக இருக்க வேண்டும். பிறகு சங்கிலிக் கண்ணிகளைக் கூட்டியோ குறைத்தோ இரு பக்கத்தையும் சமமாக்குவார்கள். அதோடு முடியாது. ஆர்.வி.-4இன் வால் சக்கரம் ஓர் எஃகுத் தண்டின் நுனியில் இருக்கிறது. எடை ஏறினால் தண்டு வளையும். அப்போது மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இடையிலான தூரம் மாறிவிடும். அதனால் வாலைத் தூக்கிப் பிடித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கிலும் ஒரு தந்திரம் உண்டு. சில வகையில், இழுத்தால் சுருள் நீளாது. உள்ளே செல்லும் இரண்டு கம்பிக் கொக்கிகள் எதிரெதிராக இழுத்து அதை நசுக்கும். சுருள் முழுக்க நெருங்கியதும் மேற்கொண்டு நகராது. ஆகவே அளவு மீறி இழுபட்டு வீணாகாது. சுருளே உடைந்தாலும், துண்டுகள் கொக்கிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்வதால் இணைப்பு பெரும்பாலும் அறாது.

கடைசியில் ஓட்டிப் பார்ப்பது. முதலில் நடக்கிற வேகத்தில், இடமும் வலமும் திருப்பி. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுவார்கள். அதன் பிறகும், ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் விமானி வாலருகே குனிந்து கண்ணி தேய்ந்திருக்கிறதா, கொக்கி விரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.