அரை மணி நேரம்தானே என்று ஏறாதீர்கள்!

தீபாவளி முடிந்ததும் எங்கள் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு லீவு. குடும்பத்தோடு டூர் கிளம்புவோம். போன வருடம் ஓர் அணைக்கட்டில் படகு சவாரிக்கு டிக்கெட் எடுத்தோம். கொடுத்த லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரியவர்கள் அளவு. என் மூணு வயது மகளுக்கு மாட்டினால் தலை வழியாகக் கழன்று வந்துவிட்டது.

"மடியில வச்சுக்கோங்கம்மா, அரை மணி நேரம்தானே" என்றார் படகுக்காரர். நான் ஏறவே மாட்டேன் என்றுவிட்டேன். டிக்கெட் பணம் போச்சே என்று என் வீட்டுக்காரருக்குக் கோபம். பெரியவனோ ஒரே அழுகை.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறக்க முடியுமா? ஜாக்கெட் போடாமல் போனவர்கள் அவர்கள்.

தோழிகளே, படகில் ஏறுமுன் குழந்தைக்கு ஜாக்கெட்டை மாட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உதவாது. கால் இடுக்கில் பட்டி உள்ளதாகக் கேளுங்கள். வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகராதீர்கள்.

ராத்திரி என் வீட்டுக்காரரே சொன்னார்: "மருந்து ரூமுல ஒரு நிமிஷம்தானேன்னு நாங்க அசட்டையா இருக்க முடியுமா? நீ செஞ்சதுதான் சரி."

- ஒரு வாசகி, திருத்தங்கல்.